மூன்று பிளேடும் நாலாவது அடியும்

என்ன மரம் என்று மைதீன்பிச்சை பாய் கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? தென்காசியில் முப்பது வருஷமாக மரமறுக்கிற பிளேடு விற்கிற மனுஷன், வந்தவன் சாப்பிட்டானா என்று கேட்பதற்கு முன்னால் என்ன மரம் என்றுதான் கேட்பார். பலவேசத்துக்கு இது புதுசும் இல்லை. செங்கோட்டை மர மில்லில், வளையமாகப் பிளேடு சுற்றுகிற பேண்ட்சா மிஷினுக்கு முன்னால் இருபத்தைந்து வருஷம் நின்றவன். தேக்கா, பலாவா, வாகையா, பச்சையா, காய்ந்ததா, இவ்வளவு சொன்னால் போதும், பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி, தகடு எவ்வளவு கனம் என்று பாயே எடுத்துப் போட்டுவிடுவார். இன்றைக்கு மட்டும் அந்த ஒற்றைச் சொல் நாக்கில் ஏறமாட்டேன் என்றது. புளி என்றால் எந்தப் புளி என்பார். ரோட்டுப் புளி என்றால் எந்த ரோடு என்பார். வாய்க்கால் பாலத்து வளைவுப் புளி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவர் கேட்க ஒன்றும் இல்லை, இந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் கேட்கமாட்டான். பேய் பிடித்த பெண்களை உச்சிவெயிலில் இழுத்துக்கொண்டு போய், முடியை ஆணியில் சுற்றி அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருகிற மரம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பலவேசத்துக்கு மடியில் ஒன்றும் இல்லை, கனமெல்லாம் நெஞ்சுக்குள் இருந்தது. “புளிதான் பாய், பச்சை,” என்றான். சொன்ன பிறகு வாயைத் துடைத்துக்கொண்டான். விரல் தானாகச் சட்டைப் பைக்குப் போய், காலையில் கிழிந்த இடத்தைத் தடவியது. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை அவசரத்தில் இழுத்தபோது பையோரம் கிழிந்துபோனது. பெண்டாட்டி பேச்சி ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்தாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவன்தான் நிற்கவில்லை. வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மணி பதினொன்று.

பாய் மூன்று சுருள்களை இறக்கி மேசையில் வைத்தார். மூன்றும் மூன்று இஞ்சு அகலம், வேண்டிய இருபது அடிக்கு வெட்டி, முனைக்கு முனை ஒட்டி வளையமாக்கிக் கொடுப்பார். முதல் சுருள் சாதா இரும்பு. மழுங்கும், தீட்டலாம், மறுபடி மழுங்கும், மறுபடி தீட்டலாம். இரண்டாவது பல்லின் நுனியில் மட்டும் கடினமான உலோகம் ஒட்டவைத்தது. பச்சைப் புளியை வெண்ணெய்போல அறுக்கும், ஒரு வாரம் கூர் போகாது. “ஆனா இரும்புல பட்டுதுன்னா நுனி தெறிச்சிரும் பாத்துக்கிடும். எங்க போயி யாரு மேல குத்தும்னு அந்த அல்லாவுக்குத்தான் தெரியும்,” என்றார் பாய். மூன்றாவது இரண்டு உலோகம் சேர்த்து அடித்தது, முதுகு வளைந்து கொடுக்கும், பல் உறுதியாக இருக்கும். “இது கொஞ்சம் பொறுமைசாலி. சின்ன ஆணின்னா சத்தமில்லாம அறுத்துட்டுப் போயிரும்.” சின்ன ஆணின்னா. பலவேசம் அந்தச் சுருளின் முதுகைத் தொட்டான். விரல் ஜில்லென்றது. சின்ன ஆணி என்றால் எத்தனை இஞ்சு? ஒன்றரையா, இரண்டா? நாலு இஞ்சு வண்டி ஆணியை இது அறுக்குமா? அறுத்தால் அது இரண்டு துண்டாகி, இந்தப் பலகையில் பாதியும் அந்தப் பலகையில் பாதியுமாக மரத்துக்குள்ளேயே கிடக்குமே. அப்படியானால் ஆணி பிடுங்கினதாக ஆகாது. வெட்டுப்பட்ட ஆணி வேறு, பிடுங்கின ஆணி வேறு. அன்றைக்குப் பேயோட்டின கோடாங்கி பிடுங்கக்கூடாது என்றுதான் சொன்னார், வெட்டக்கூடாது என்று சொல்லவில்லை. வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும், நாலுவழிச் சாலை வரும், மரம் சாயும், சாய்ந்த மரம் சுற்றிச் சுற்றித் தன் கையிலேயே வந்து விழும் என்று. கோடாங்கி செத்துப் பத்து வருஷம் ஆயிற்று, இனி யாரிடம் போய்க் கேட்பது. “பல்லைப் பாரும்வே, முதுகையே தடவிக்கிட்டு இருக்கீரு,” என்றார் பாய்.

பல்லைப் பார்த்தான். பார்த்தால் தாணுலிங்கத்தின் ஞாபகம் வந்தது. வராமல் இருக்கட்டும் என்றுதான் முதுகையே தடவிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், பலா மரம், உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ துணி காயப்போட அடித்த கொக்கி. மிஷினுக்கு இந்தப் பக்கம் பலவேசம் மரத்தைத் தள்ளுகிறான், அந்தப் பக்கம் தாணுலிங்கம் அறுபட்ட பலகையை வாங்குகிறான். முதலில் ஒரு வாடை, இரும்பு தீய்கிற வாடை. மூக்குதான் முதலில் சொன்னது, அப்புறம்தான் காது. டங் என்று ஒரு சத்தம், கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்து நிறுத்தின மாதிரி. பிளேடு அறுந்து, சக்கரத்தை விட்டு வெளியே வந்து, வீசி, தூணில் சுற்றிக்கொண்டது. தூணுக்கு முன்னால் தாணுலிங்கம் இருந்தான். தாணு கத்தவில்லை. அதுதான் பலவேசத்துக்கு இன்றுவரை விளங்காதது. அண்ணாச்சி என் கையைப் பாரும் என்று மெதுவாகச் சொன்னான், சட்டையில் பொத்தான் போய்விட்டது என்று சொல்லுகிற மாதிரி. இப்போது தாணு கடையநல்லூரில் இடது கையால் டீ ஆற்றுகிறான். அந்தக் கடைப் பக்கம் போகவேண்டி வந்தால் பலவேசம் எதிர்ச்சாரியில் நடப்பான். தாணுவுக்கு அப்புறம் அந்தப் பக்கம் நிற்க வந்தவன் கொம்பையா. பேச்சியின் கூடப்பிறந்த தம்பி. பலவேசம்தான் முதலாளியிடம் சொல்லி மில்லில் சேர்த்துவிட்டான். வேறு யாரும் அங்கே நிற்கப் பயந்தார்கள். அத்தான் தள்ளினா நான் வாங்குதேன், எனக்கு என்ன பயம் என்று வந்து நின்றவன். நாளைக் காலையில் புளியை ஏற்றும்போதும் அவன்தான் அங்கே நிற்பான். பலவேசம் தள்ளுவான், கொம்பையா வாங்குவான்.

பாய் சக்கரத்தின் அளவு எழுதின சீட்டைக் கேட்டார். சீட்டு எந்தப் பையில் என்று தேடும்போது மறுபடி கிழிசலுக்குள் விரல் போனது. மூன்று அடி. மூன்றே மூன்று அடிதான் அடிக்கணும் மாப்பிள்ளை என்று கோடாங்கி சொல்லியிருந்தார். கட்டினவன் கையால் அடித்தால்தான் நிற்கும் என்று சுத்தியலையும் அவன் கையிலேயே கொடுத்தார். அப்போது மகள் முப்பிடாதி பிறந்து நாற்பது நாள். பேச்சி பிள்ளையைத் தூக்கமாட்டாள், பால் கொடுக்கமாட்டாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுவாள். எதற்கு அழுகிறாய் என்றால் தெரியலையே என்று அதற்கும் அழுவாள். ஒருநாள் பிள்ளையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இருபத்துநாலு வயசுப் பையன் பலவேசம், அவனுக்கு என்ன தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கூட்டிக்கொண்டு போனார்கள். பொந்துக்குக் கீழே, கிழக்குப் பார்த்து, பேச்சியின் நெஞ்சு உயரத்துக்கு. உச்சிமுடி ஒரு கொத்தை ஆணியில் சுற்றினார் கோடாங்கி. பேச்சி மரத்தோடு மரமாக நின்றாள், அவள் கண்கள் அவனைப் பார்த்தபடி இருந்தன. ஒண்ணு. ரெண்டு. மூணு. மூணாவது அடியோடு சுத்தியலைக் கீழே போட்டிருக்கவேண்டும். ஆணி பாதிதான் உள்ளே போயிருந்தது. முழுசாக இறங்காவிட்டால் வெளியே வந்துவிடுமோ, வந்தால் அது மறுபடியும் இவளுக்குள் புகுந்துவிடுமோ என்ற பயத்தில் கை தன்பாட்டுக்கு உயர்ந்து நாலாவது அடியும் அடித்துவிட்டது. அடி ஒருச்சாய்ந்து விழுந்தது. கோடாங்கி வெறுமனே அவனைப் பார்த்தார். முடியை அறுத்தார். திரும்பிப் பார்க்காமல் போங்க என்றார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இருபத்துநாலு வருஷமாக யோசித்துவிட்டான். பேச்சிக்குச் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். பத்தாவது நாள் எழுந்து குளித்தாள், பிள்ளையைத் தூக்கினாள், சோறு பொங்கினாள், அதற்கப்புறம் அவன் கண்முன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பெண்ணை வளர்த்து சங்கரன்கோவிலில் கட்டியும் கொடுத்துவிட்டாள். அவளிடம் ஒரே ஒரு குறை, அடுப்படியில் குழாயைத் திறந்தால் மூடமாட்டாள். பாத்திரமும் இருக்காது, பக்கெட்டும் இருக்காது, தண்ணீர் பாட்டுக்குப் போகும். குத்தால அருவியவா வீட்டுக்குள்ள கொண்டுவந்துருக்கோம் என்று அவன் கத்தாத நாள் இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பயந்தான், அவள் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால் பயந்தான், சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் பயந்தான். நாலாவது அடி, நாலாவது அடி. சீட்டு கால்சட்டைப் பையில்தான் இருந்தது.

இந்த வினை ஒன்றும் வந்திருக்கவேண்டாம், முதலாளி ஏலத்தில் எடுத்த மரங்களில் அதுவும் ஒன்றாக வராமல் இருந்திருந்தால். முதலாளி ராஜபாளையத்துக்காரர், அவருக்கு மரம் என்றால் கன அடி. மலையாளத்து ஓட்டல் ஒன்றுக்கு அகல அகலமாக மேசைப் பலகை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், முதலில் இந்தப் புளியை அறு என்றுவிட்டார். லாரியிலிருந்து இறக்கும்போதே பொந்தை வைத்து அடையாளம் தெரிந்துவிட்டது. ரோட்டு மரம் என்றால் அறுப்பதற்கு முன்னால் ஆணி பார்த்து எடுக்கவேண்டியது மிஷின்காரன் வேலை. எடுத்தான். நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த நம்பர்த் தகடு, அப்புறம் ஐந்து ஆணி. இரண்டில் துருவோடு முடி ஒட்டிக்கொண்டிருந்தது. கிடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டான். அவற்றை அடித்துவிட்டுப் போனவர்கள் எந்த ஊரோ, அந்தப் பெண்கள் இப்போது உயிரோடு இருக்கிறார்களோ, பிடுங்கின நிமிஷத்தில் எங்கேயாவது ஒருத்தி அலறிக்கொண்டு எழுந்தாளோ, அந்த நினைப்பு வராமல் இல்லை. வந்தது, அதைத் தள்ளிவிட்டுப் பிடுங்கினான். ஆனால் பொந்துக்குக் கீழே, கிழக்குப் பக்கம், நெஞ்சு உயரத்தில் பட்டை மூடி, புடைத்து, கறுப்பாகக் கசிந்திருந்த ஒரு தழும்பின் முன்னால் கிடுக்கி நின்றுவிட்டது. ஊரார் பெண்டாட்டி ஆணி என்றால் ஒரு நீதி, தன் பெண்டாட்டி ஆணி என்றால் ஒரு நீதி. ஒரு கை மண்ணை அள்ளி, எச்சில் துப்பிக் குழைத்து, தழும்பின்மேல் பூசினான். பின்னாலிருந்து கொம்பையா வந்து, “ஆணியெல்லாம் பாத்தாச்சா அத்தான்?” என்றான். “பாத்தாச்சுல,” என்றான். “அத்தான் பாத்தாச் சரிதான்,” என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். வெறுமனே கேட்டுவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தான் பாத்தாச் சரிதான். நேற்று ராத்திரி சோற்றைப் பிசையும்போதும் அந்த வார்த்தைதான் கைக்குள் வந்தது.

ஆக, ஆணியைச் சொன்னால் முதலாளி உளியை வைத்துத் தோண்டி எடுத்துவிடுவார், எடுத்தால் பேச்சி. சொல்லாவிட்டால் பிளேடு, பிளேடு என்றால் கொம்பையா. கொம்பையாவுக்கு ஒன்று என்றாலும் அதுவும் பேச்சிதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இதற்கு நடுவே ஒரு சந்து உண்டென்றால் அது அந்த மூன்றாவது சுருள்தான். மெதுவாகத் தள்ளினால்? அந்த இடம் வரும்போது கொம்பையாவை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினால்? அனுப்பினால் பலகையை யார் வாங்குவது, வேறு ஒருவன் வந்து நிற்பான், அவனுக்கும் ஒரு அக்காள் இருப்பாள். கனமான தகடாக எடுத்தால்? கனத் தகடு சக்கரத்தில் வளைந்து வளைந்து சீக்கிரம் விரியும், அது இன்னும் மோசம். அவன் கண் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கும், முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கும் போய்ப் போய் வந்தது. இரண்டாவதைப் பார்க்கவே இல்லை. பாய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, “ரோட்டுப் புளிதானவே? ஆணி பாத்தீரா?” என்று கேட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியோ அப்படி நின்றான். “பாத்தாச்சு பாய்.” “சுத்தமா இருக்குல்லா?” “சுத்தமா இருக்கு.” “அப்பம் எதுக்குவே இதத் தடவுதீரு? சுத்த மரத்துக்குச் சாதா பிளேடு போதுமே.” “முதலாளி நல்லதா வாங்கச் சொன்னாரு,” என்றான். பாய் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். கோடாங்கி பார்த்த அதே பார்வை என்று தோன்றியது. இல்லை, பாய்க்கு ஒரு கண்ணில் புரை, அவ்வளவுதான். அவர் மூன்றாவது சுருளை அவிழ்த்து அளந்து, இருபது அடியில் வெட்டினார். வெட்டின சத்தம் சின்னதுதான், ஆனால் பலவேசம் இடது காதைப் பொத்திக்கொண்டான். இரண்டு முனையையும் ஒட்டுகிற மிஷினின் வாயில் எதிரெதிராக வைத்து, பாய் நேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. பேச்சி. இந்த நேரத்தில் அவள் கூப்பிடமாட்டாள். கிடுக்கியில் பிடுங்கின ஐந்து ஆணியும் ஞாபகம் வந்து, அதில் ஒன்று அவளுடையதாக இருந்து தனக்குத் தெரியாமல் பிடுங்கிவிட்டோமோ என்ற நினைப்போடு போனை எடுத்தான். “ஏங்க, எங்க இருக்கிய?” சாதாரணக் குரல்தான். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். “பாய் கடையில. என்னளா?” “வரும்போது பெருங்காயம் வாங்கிட்டு வாங்க, கட்டியா.” சரி என்றான். அவள் வைக்கவில்லை. தண்ணீர்தான் கொஞ்ச நேரம் பேசியது. “அந்த வளைவுப் புளி உங்க மில்லுக்குத்தான் வந்துருக்காம்லா? தம்பி வந்து சொன்னான்.” இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தான். “நேத்துலேருந்து நீங்க சரியா உண்ணலை, உறங்கலை. அதுக்குத்தானே? அதுல என் ஆணி கெடக்குன்னுதானே?” “ஏளா, அத எதுக்கு இப்பம்...” “அதுல என் ஆணி இல்ல.” அவன் விரல் மறுபடி சட்டைக் கிழிசலுக்குள் போனது. “என்ன சொல்லுத?” “அன்னைக்கு அடிச்சிட்டு வந்தோம்லா, ஒம்பது நா கழிச்சு நான் போயிப் புடுங்கிட்டேன். முடிய இழுத்த இடம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது, அது மரத்துல கெடக்கவரைக்கும் வலிக்கும்போலன்னு தோணிச்சு. கடைசி அடியில வளைஞ்சுதான கெடந்துது. ரெண்டு ஆட்டு ஆட்டுனேன், கையோட வந்துட்டு.” “எங்க அது?” “நம்ம கதவுக்குப் பொறத்தாலதான். தெனமும் உங்க சட்டைய அதுலதான மாட்டுதிய.” கிழிசலுக்குள் இருந்த விரலைப் பலவேசம் சுட்டுவிட்டதுபோல வெளியே எடுத்தான். “எங்கிட்ட ஏன் சொல்லலை?” “சொன்னா பயந்துருவிய. உங்களுக்குத்தான் ரொம்பப் பயமா இருந்துது. நான் அழுதா நீங்க நடுங்குவிய. அதான் உங்க முன்னால அழுகுறத விட்டுட்டேன்.” “முன்னாலன்னா?” “நீங்க மில்லுக்குப் போன பொறவு அழுவேன். ரெண்டு வருஷம் நெறைய வந்துது. இப்பம் அப்பப்பதான். குழாயத் தொறந்து விட்டுக்கிட்டா வெளிய கேக்காது.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் போனை இன்னும் அழுத்தினான், அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு ஏதாவது கேட்கிறதா என்று. தினமும் கேட்டு, தினமும் கத்தின சத்தம். ஏதாவது சொல்லவேண்டும், தண்ணீர் போனால் போகட்டும் என்றாவது சொல்லவேண்டும் என்று வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். “மத்தவுக ஆணி கெடக்கும், பாத்துக்கிடுங்க. தம்பி எதுத்தாப்புல நிப்பான்.” வைத்துவிட்டாள். அப்போதுதான் பலவேசத்துக்கு உறைத்தது. பொந்துக்குக் கீழே, கிழக்குப் பக்கம், நெஞ்சு உயரம், பட்டை மூடிய தழும்பு. பேச்சியுடையது ஒன்பதாம் நாளே வெளியே வந்துவிட்டதென்றால் அந்த மண்ணுக்கு அடியில் இருப்பது யாருடையது? அவளுக்குப் பின்னால் அதே இடத்தில் எவளை நிறுத்தினார்கள், எந்தப் பையன் கை நடுங்க அடித்தான், எத்தனை அடி அடித்தான்? அவள் எங்கே எந்தக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள்? இவ்வளவு நேரம் பயந்தது ஒரு பயமே இல்லை. அந்த மண்ணைப் பூசினது இந்தக் கை. பூசி, பாத்தாச்சு என்று கொம்பையாவிடம் சொன்னது இந்த வாய். பாய் முனைகளைச் சேர்த்துப் பிடித்து, சுவிட்சில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார். “நேரா இருக்கு. ஒட்டிரட்டுமாவே?”

“வேண்டாம் பாய்,” என்றான் பலவேசம். “மரத்துல ஆணி இருக்கு. எனக்குத் தெரியும். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்.”

பாய் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தார். திட்டுவார் என்று காத்திருந்தான், திட்டினார். ஏம்வே, எதுத்தாப்புல நிக்கவன் மனுஷனா மரமா என்று கடை வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். எத்தனை ஆணிவே என்று கேட்டார். தெரியாது என்றான். யாரு அடிச்சது என்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றான். பிறகு கொம்பையாவுக்குப் போன் போட்டான். அவன் எடுத்து, “சொல்லுங்க அத்தான்,” என்றான். பலவேசம் கடை வாசலுக்கு வந்து நின்றான். “ஏல, நான் வாரவரைக்கும் அந்தப் புளிகிட்டப் போகாத,” என்றான். “கிழக்கு மொகத்துல, பொந்துக்குக் கீழ மண்ணு பூசிருக்கும். அது நான் பூசுனது.”